குவேசார் தேடலும் ஒரு ரப்பர் முத்திரையும்

தொலைநோக்கி நேரம் கேட்கும் விண்ணப்பத்தின் கடைசி நாள் ஒரு ரப்பர் முத்திரையால் கைநழுவியது. ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

நான் தேடுவது செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் கூடும் அளவு) 5-ஐத் தாண்டிய, ரேடியோவில் பிரகாசமான குவேசார்களை; அதாவது ராட்சதக் கருந்துளையால் ஒளிரும் தொலைதூர விண்மீன்திரள் மையங்களை. 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் கிளம்பும் லைமன் ஆல்பா என்ற ஹைட்ரஜன் ஒளி நம்மை வந்தடையும்போது 730 நானோமீட்டரைத் தாண்டிவிடும். அதைவிடக் குறைந்த அலைநீள ஒளியில் பெரும்பகுதியை வழியிலிருக்கும் ஹைட்ரஜன் விழுங்கிவிடும். மிஞ்சும் இந்தச் சிவப்பு நிறத்தை வைத்து வானப் படங்களில் புள்ளிகளைப் பொறுக்கினால், நம் பால்வீதியின் குறுமீன்களும் (சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்கள்) கூட்டமாக வந்து சேரும். அவை பெரும்பாலும் ரேடியோவில் ஊமை என்பதால் ரேடியோ பட்டியலோடு ஒப்பிட்டுக் கழிக்கலாம்.

ஆனால் என்.வி.எஸ்.எஸ். என்ற ரேடியோ வான் அளவையின் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். அதன் பிரிதிறன், அதாவது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம், 45 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு). அதில் கச்சிதமாகப் பொருந்திய ஒரு புள்ளியை, 2.5 வில்விநாடிப் பிரிதிறன் கொண்ட வி.எல்.ஏ.எஸ்.எஸ். என்ற இன்னொரு ரேடியோ அளவையின் படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். ரேடியோ சமவரைகள் (ஒரே பிரகாசமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) என் சிவப்புப் புள்ளியைத் தொடவே இல்லை. அருகில் மங்கலாகத் தெரிந்த வேறொரு விண்மீன்திரளைச் சுற்றி வளைந்திருந்தன. இப்படியே பட்டியலில் பெரும்பகுதி உதிர்ந்தது. மனம் கனத்தாலும், மிஞ்சியவற்றை நம்பிக் கேட்க முடிந்தது.

நிறமாலை எடுக்க லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கிக்கு விண்ணப்பம் தயார். நெறியாளரின் கடிதத்தில் கல்லூரி முத்திரை மட்டும் பாக்கி. எழுத்தர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செலவை எந்தக் கணக்கில் எழுதுவதம்மா?" என்றார். பணம் கேட்கவில்லை, நேரம்தான் கேட்கிறோம் என்றேன். "கணக்குத் தலைப்பு இல்லாமல் கோப்பு நகராது" என்று ஓரமாக வைத்துவிட்டார். வேளச்சேரியில் மழைநீர் தேங்கிய வாரம் அது. பஸ் இல்லாமல் நனைந்துகொண்டு போய் நின்றால், அவர் விடுப்பில். முத்திரை அலமாரிக்குள், சாவி அவரிடம்.

இதில் இழப்பு வெறும் தாமதம் அல்ல. என் புள்ளிகளில் பல கடகத்தில் இருக்கின்றன. மார்கழி, தை இரவுகளை விட்டால் அவை மெல்ல மேற்கே சாய்ந்துவிடும். ஆடியில் சூரியனே அங்கே போய் நிற்கும்.

அடுத்த சுற்றுக்கு நெறியாளர் அம்மா, "இதற்கு நிதி எதுவும் தேவையில்லை" என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்து, நேரே முதல்வரிடம் கொண்டுபோனார். அன்றே முத்திரை விழுந்தது! அந்த வரியை நீங்கள் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். முத்திரையை மழைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

கன்னியில் உள்ள புள்ளிகளுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. கடகத்தில் உள்ளவற்றுக்கு மறுபடி விண்ணப்பிக்கிறேன்.