தண்ணீர்களைக் கடக்கும்போது

நேர்ச்சை நேர்ந்தது மாமி. "அவன் உசிரோட வீடு வந்து சேரட்டும். புலியூர்குறிச்சி, கோட்டாறு, காற்றாடிமலை மூணு இடமும் ஒரே நாள்ல வந்து கும்பிடுகேன்" என்று விசுவாசத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட புனிதர் தேவசகாயம் பிள்ளை படத்துக்கு முன்னால் முட்டுக்குத்தி நின்று சொன்னதை அடுக்களையில் இருந்து கேட்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர் சவுதியில். கம்பெனியை மூடிவிட்டார்கள். எட்டு மாதச் சம்பளம் பாக்கி, அங்கே தங்குவதற்கான இக்காமா அட்டை முடிந்தாயிற்று, வெளியே தலைகாட்டினால் போலீஸ். பதினான்கு மாதம் முகாமில் கிடந்து வெறுங்கையோடு வந்து இறங்கினார். அந்தச் சம்பளம் இன்று வரை வரவில்லை. விசாவுக்காக அடகு வைத்த என் நகை ஏலத்தில் போய்விட்டது. ஆள்தான் வந்தார், பேச்சு வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆறு மாதமாக நாள் தள்ளினேன். கையில் காசு இல்லை என்பது சாக்கு. உண்மையில் எனக்குக் கோபம். மாமி விடவில்லை. "கடன்காரனுக்கு மாசம் தவறாம வட்டி கட்டுதோம். புனிதருக்குப் பட்ட கடன மட்டும் தள்ளிப் போடலாமா மக்களே?"

நான் பிறந்தது சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) வீட்டில், வாழ வந்தது ஆர்.சி. (கத்தோலிக்க) வீட்டில். புனிதரிடம் கேட்பது கல்யாணத்துக்குப் பிறகு பழகியது. பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்தச் சீட்டு பிறந்ததிலிருந்து பழகியது. வருஷப்பிறப்பு ராத்திரி ஆராதனை முடிந்து தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டுகளில் ஒன்றை எடுக்கையில் கை நடுங்குமே, அது எனக்கு இன்றும் உண்டு. அவர் மாட்டிக்கொண்ட வருஷம் அப்பா எனக்காக எடுத்து வந்த சீட்டு ஏசாயா 43:2. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்." அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிட்டு, சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் செருகினேன். ஒவ்வொரு மாதமும் கடையில் உறையைத் திறக்கும்போது அது எட்டிப் பார்க்கும். எங்கே இருக்கிறீர் ஆண்டவரே என்று வரிசையில் நின்றபடியே கேட்பேன். மண்ணெண்ணெய் இல்லை என்று கடைக்காரர் சொல்வார்.

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். கருங்கலில் பஸ் ஏறும்போது சாரல். தக்கலையில் மாறி, புலியூர்குறிச்சியில் இறங்கினால் வேன் மேல் வேனாக நிற்கிறது. 2022 மே 15ஆம் தேதி ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்த பிறகு வெளியூர்க் கூட்டம் கூடிவிட்டது. நல்லதுதான். ஆனால் புனிதருக்குத் தண்ணீர் கொடுத்த முட்டிடிச்சான் பாறைக்கு முன்னால் நின்று ஜெபிக்க விடாமல், "அக்கா கொஞ்சம் தள்ளுங்க, போட்டோல விழுறீங்க" என்றால் என்ன செய்ய? ஒரு அண்ணன் இரண்டு லிட்டர் பாட்டிலோடு நின்றார். ஊர் முழுக்கக் கொடுக்க வேண்டுமாம். மாமிக்குப் பொறுக்கவில்லை. "பின்னால வாறவங்களுக்கும் தாகம் உண்டும் மோனே" என்று சொல்லித் தன் கையை நீட்டி வாங்கி, எனக்கும் உள்ளங்கையில் ஊற்றினார்.

கொஞ்சம் தண்ணீர்தான். குடித்துவிட்டு அங்கேயே நின்றேன். விலங்கு மாட்டி, எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போன மனுஷனுக்கு இந்தப் பாறையில் தண்ணீர் கிடைத்தது. தாகம் தீர்ந்தது. விலங்கு கழலவில்லை. சேவகர்கள் ஓடிப்போகவில்லை. தண்ணீர் குடித்த பிறகும் அதே வழியில்தான் நடத்திக்கொண்டு போனார்கள். என் சீட்டு நினைவுக்கு வந்தது. 'கடக்கும்போது' என்றுதானே இருக்கிறது. தண்ணீரே வராது என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது? இத்தனை மாதம் ரேஷன் கடையில் நின்று சண்டை போட்டேனே, அந்த ஒரு சொல்லை நான் வாசிக்கவே இல்லை.

பக்கத்தில்தான் உதயகிரிக் கோட்டை. என் வீட்டுக்காரர் எங்களோடு பாறைக்கு வரவில்லை, சாலையோரம் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர். அரண்மனை உத்தியோகத்தில் இருந்த நீலகண்ட பிள்ளை அடுத்தடுத்து நஷ்டப்பட்டு நொந்து நின்றபோது, பைபிளில் எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் கதையைச் சொன்னது அவர்தான். அதைக் கேட்டுத்தான் பிள்ளை வடக்கன்குளம் போய் 1745இல் ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார். டிலனாய் ஊர் திரும்பவே இல்லை, கல்லறை அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. "அவருக்கும் எக்ஸிட் கிடைக்கல போல" என்றார் இவர். நாலைந்து நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கோட்டாற்றுச் சவேரியார் கோவிலில் ஞாயிறு பூசைக் கூட்டம். தேவசகாயம் பிள்ளையின் கல்லறைப் பக்கம் நெருங்கவே அரை மணி நேரம். மாமி மெழுகுதிரி கொளுத்தி, உப்பும் மிளகும் போட்டு, சவேரியாருக்கும் சேர்த்து ஒரு பாட்டம் அழுது முடித்தார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. அவர் பெண்டாட்டி ஞானப்பூவை நினைத்துக்கொண்டு நின்றேன். புருஷன் கோட்டாற்றில் அடக்கம், அந்த அம்மா கடைசிக் காலத்தைக் கழித்தது வடக்கன்குளத்தில். யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பிக் கிடைத்தது. யோபுவின் கதையைக் கேட்டு நம்பியவருக்கோ கிடைத்தது விலங்கும் குண்டும். அவருடைய பெண்டாட்டிக்கு யார் உட்கார்ந்து எந்தக் கதையைச் சொன்னார்கள்? ஆறுதல் சொல்ல ஒருத்தியாவது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். செத்துப் பல காலம் ஆனவருக்கு அது எந்தக் கணக்கில் சேருமோ, சாமியாரிடம் கேட்கவில்லை.

வடசேரியில் ஆரல்வாய்மொழி பஸ். சாரல் எங்கோ பின்னால் நின்றுவிட்டது. இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர், வெளியூர் முகம் என்று நினைத்தாரோ என்னவோ, வாய்கூசாமல் முந்நூறு ரூபாய் கேட்டார். "ஞான் கருங்கல்காரி, ரோமாபுரியில இருந்து வரல்ல" என்றார் மாமி. நூறுக்கு இறங்கினார்.

காற்றாடிமலை என்று சும்மா பெயர் வைக்கவில்லை. ஆடிக்காற்று சேலையைப் பிடுங்குகிறது, சுற்றிலும் காற்றாலைகள் நிற்காமல் சுழல்கின்றன. வியாகுல மாதா கோவிலில் கும்பிட்டுவிட்டு மேலே ஏறினோம். எழுபத்திரண்டு வயது மாமி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். கீழேயே நின்றிருந்த இவர் அதைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று ஏறி வந்து, ஒன்றும் பேசாமல் மாமியைக் கையில் தாங்கி மேலே கொண்டுபோனார். நான் செருப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

1752 ஜனவரி 14ஆம் தேதி தேவசகாயம் பிள்ளையைச் சுட்ட மலை. அவருடைய முழங்காலும் முழங்கையும் பதிந்த பாறையில் என்னென்னவோ கேட்கவேண்டும் என்று மனசில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கடன், நகை, மகளின் காலேஜ் ஃபீஸ். தொட்டதும் எல்லாம் போய்விட்டது. நன்றி நன்றி என்று மட்டும்தான் வாயில் வந்தது. ஆளைத் திருப்பித் தந்ததற்கு, மாமியின் முட்டுவலிக்கு ஒரு தோள் கொடுத்ததற்கு, வட்டி கட்ட இந்த மாதமும் எப்படியோ காசு புரட்டித் தந்ததற்கு, அந்த உள்ளங்கைத் தண்ணீருக்கு. இன்னும் எதெதற்கோ. பின்னால் நின்ற பெண் என் தோளைத் தட்டினாள், "அக்கா, நேரமாகுது".

மணியடிச்சான் பாறையில் ஒரே வரிசை. கல்லை எடுத்து இவர் தட்டினார். கோவில் மணி போல டங்கென்றது. மறுபடி தட்டினார். மறுபடியும். வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். இவர் திரும்பாமலே என்னிடம் சொன்னார்:

"நீ அனுப்பினியே ஒரு சீட்டு, அத தினமும் ராத்திரி முகாம்ல வாசிப்பேன். கரண்டு இருக்காது, போன் வெளிச்சம்தான். முதல்ல நான் மட்டும். பெறவு பக்கத்துக் கட்டில்காரன், பெறவு எல்லாரும். ஒரு தெலுங்குக்காரப் பையன் உண்டும். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அவன் அத மனப்பாடம் பண்ணிட்டான். நான் படுத்துட்டா அவன் சொல்லுவான்."

"அவன் ஊருக்குப் போயிட்டானா?" என்றார் மாமி.

"இல்ல. இன்னும் அங்கதான்."

மாமி கல்லை அவர் கையிலிருந்து வாங்கி, "அவன் பேரென்ன?" என்று கேட்டுக்கொண்டே பாறையில் தட்டினார்.