கொசு அக்காவின் ஆக்ஸிமீட்டர்

சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். கொசு அக்காதான். வீடு வீடாகப் போய் ட்ரம், குடம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றிலும் டார்ச் அடித்து, புழு இருந்தால் தண்ணீரைக் கொட்டச் சொல்வது என் வேலை. எந்த வீட்டில் எத்தனை ட்ரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

2020 ஏப்ரலில் எங்களையே கொரோனா கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். கையில் தெர்மல் ஸ்கேனர், ஒரு நோட்டு. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் பிறகுதான் வந்தது. காய்ச்சல், சளி, இருமல் இருக்கா? அறுபது வயதுக்கு மேல் யார்? சுகர், பிரஷர், கிட்னிப் பிரச்சினை? இவ்வளவுதான் கேள்வி. மே மாதம் தினமும் வரும் மண்டலவாரித் தொற்றுப் பட்டியலில் எங்கள் ராயபுரம் முதலிடத்தில் நின்றது. கோயம்பேடு மார்க்கெட்டில் பரவி, மே 5-ஆம் தேதி அதை மூடிய பிறகு, அங்கே மூட்டை தூக்கியவர்கள், காய் வாங்கி விற்றவர்கள் யார் யார் என்று தேடுவதும் எங்கள் வேலையில் சேர்ந்துகொண்டது.

நான் போன லைன் வீடுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பதினோரு குடித்தனம், இரண்டு கக்கூஸ், ஒரு அடி பம்பு. உள்ளே போகும் சந்தில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நின்றால்தான் மற்றவர் போக முடியும். மேலே தகரம், வெயிலே இறங்காது. தொற்று வந்தவருக்குத் தனி அறையும் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று நான் தாளைப் பார்த்துப் படித்ததும் கடைசி வீட்டு அம்மா சிரித்துவிட்டார். "தனி ரூமா? இன்னா கண்ணு, நாங்களே ரெண்டு ஷிப்ட்டா தூங்கினு கீறோம்."

அந்த அடி பம்பின் கைப்பிடியைத் தினமும் பிளீச்சிங் தண்ணீரால் துடைத்தோம். பொறுப்பாகத்தான் செய்தோம். ஆனால் அந்தச் சந்தில் நின்ற காற்றை யாரும் கண்டுகொள்ளவில்லை. தண்ணீர் வரும் நேரத்தில் இருபது பேர் அங்கே நெருக்கியடித்து நின்று, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சண்டை போடுவார்கள். மூச்சு வழியாகத்தான் அதிகம் பரவுகிறது என்று பிறகு தெளிவானபோது எனக்கு அந்தச் சந்துதான் நினைவுக்கு வந்தது. வயதும் சுகரும் என் தாளில் இருந்தன. நோய் வந்தால் யார் தாங்க மாட்டார்கள் என்று அது சொல்லிவிடும். யாருக்கு முதலில் வரும் என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. அதற்குக் குழாயையும் கக்கூஸையும் எண்ணியிருக்க வேண்டும்.

அப்புறம் தகரம். தொற்று உறுதியான வீட்டு வாசலில் யாரும் வெளியே வராதபடி தகரம் அடிக்கும் வழக்கம் வந்ததும் தெருவே பொய் சொல்லக் கற்றுக்கொண்டது. குற்றம் சொல்ல மாட்டேன். தகரம் அடித்த வீட்டிலிருந்து மீன் வாங்க எவன் வருவான்? "காய்ச்சல் இருக்கா?" என்றால் கேள்வி முடியும் முன்பே "இல்ல" வரும். நானும் கட்டத்தில் 'இல்லை' என்று போட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவேன்.

அப்படிப் போட்ட ஒரு 'இல்லை' இன்னும் உறுத்துகிறது. மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். அறுபத்திரண்டு வயது, பத்து வருடமாக சுகர். மகள் வாசலிலேயே நின்று எல்லாரும் நல்லா இருக்கோம் என்றாள். திரைக்குப் பின்னால் ஒரு இருமல். அவள் உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்தாள். இருமல் என் காதில் விழுந்தது, விழுந்ததை அவளும் பார்த்தாள். இன்னும் நான்கு தெரு பாக்கி, தெரிந்த வீடு, முகத்தை முறித்துக்கொள்ள மனம் வரவில்லை. எழுதிவிட்டுக் கிளம்பினேன். மூன்றாம் நாள் ராத்திரி 108 வந்தது. பெட் உடனே கிடைத்தது. நான்காம் நாள் போய்விட்டார். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் திரட்டிய தகவலை வைத்து அந்த வருடம் ஒரு ஆய்வு வந்தது. இறந்தவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஐந்து நாளுக்குள் இறந்திருந்தார்கள் என்று அதில் பார்த்தபோது அந்த டிவி சத்தம்தான் காதில் கேட்டது.

அதற்குப் பிறகு காய்ச்சலைப் பற்றிக் கேட்பதையே விட்டேன். "வீட்ல யாரு சோறு வேணாம்னது?" என்பேன். "கொழம்புல உப்பில்லன்னு யாரு சண்ட போட்டது?" பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் எங்கள் பகுதியில் தெருவுக்கே தெரியும். அது தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரைக் காய்ச்சல் முகாமுக்கு அழைத்துப் போவேன். சக பணியாளர்கள் கிண்டல் செய்தார்கள். ஜூன் மாதம் மத்திய சுகாதார அமைச்சகமே வாசனை, சுவை தெரியாமல் போவதை அறிகுறிப் பட்டியலில் சேர்த்ததும் கிண்டல் நின்றது. இந்தக் கேள்விகளுக்கு யாரும் பொய் சொல்லவில்லை. தகரம் அடிக்கிற கேள்வி மாதிரி இல்லையே!

ஆக்ஸிமீட்டர் வந்த வாரம் இட்லிக் கடை ஆயாவைப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தது. மூச்சிரைப்பு கிடையாது, பேச்சில் தடங்கல் கிடையாது. விரலில் மாட்டினால் 84. விரலைத் தேய்த்துவிட்டு மாட்டினேன், 83. "பேட்டரி பூட்சி போல" என்றது ஆயா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் விரலில் மாட்டிப் பார்த்தேன். 98. 94-க்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரி என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். டெஸ்ட் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "மிஷின் சொல்றது சரியா தப்பான்னு ஸ்டான்லி ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடலாம் வா ஆயா" என்று கூட்டிப் போனேன். பதினேழு நாள் கழித்துத் திரும்பி வந்தது.

ஒரே பாயில் படுத்த மனைவிக்குத் தொற்று இல்லாமல், ஒரு சாவு வீட்டிலிருந்து மட்டும் பதினைந்து பேருக்கு வந்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்று அப்போது குழம்பினோம். அதே தமிழ்நாடு-ஆந்திரா ஆய்வில் இதற்கும் பதில் இருந்தது. தொற்றாளர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களின் தொடர்பில் இருந்த ஒருவருக்குக்கூட நோய் உறுதியாகவில்லை. ஒரு சிலரிடமிருந்துதான் கும்பலாகப் பரவியிருக்கிறது. ஜூலையில் சென்னை முழுக்க 12,000-க்கும் அதிகமானவர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நகரம் முழுவதும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, தொற்று வந்து போனதைக் காட்டும் எதிர்ப்பொருள் இருந்தது. எங்களுக்குப் பக்கத்துத் தண்டையார்பேட்டை மண்டலத்தில் அது 40 சதவீதத்தைத் தாண்டியது. எங்கள் நோட்டில் இருந்த 'இல்லை'கள் எவ்வளவு பேரைத் தவறவிட்டிருக்கும் என்பது அந்த எண்ணில் தெரிந்துவிட்டது. 2021 மே மாத அலையில் அண்ணா நகர், தேனாம்பேட்டை என்று பட்டியலின் முதல் வரிசை இடம் மாறியது. "நமக்குத்தான் வந்து பூட்சே" என்று எங்கள் தெருவில் சிலர் தைரியமாக இருந்தார்கள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

இப்போது மறுபடியும் ட்ரம்தான். போன வாரம் அதே லைன் வீட்டுக்குப் போனேன். ஆயா என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் விரலை நீட்டியது.

"மிஷின் எங்க?"

"இப்ப டார்ச்சுதான் ஆயா."

ட்ரம் மூடியைத் திறந்தேன். அடியில் புழு நெளிந்துகொண்டிருந்தது. கொட்டச் சொன்னேன்.

"நாளிக்கி லாரி வருதான்னு பாத்துட்டுக் கொட்றேன் கண்ணு" என்றது ஆயா.