சேப்பாக்கம் அரண்மனை: அண்ணாந்து பார்க்க வேண்டியது கூரையை

சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, வாலாஜா சாலையில் கடற்கரைப் பக்கம் நடந்தால் எழிலக வளாகம். அதற்குள்தான் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் கட்டி முடித்த அரண்மனை நிற்கிறது. 1855-இல் நவாப் வாரிசின்றி இறந்தபின் ஆங்கிலேயர் வசமாகி, அரசு அலுவலகமானது. அரண்மனையின் இரு பகுதிகளான கலச மகாலையும் ஹுமாயூன் மகாலையும் இணைக்கும் கோபுரம் ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் எழுப்பியது. வருகிறவர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்தக் கட்டிடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது கூரை.

மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். உத்திரத்தின் மேல் ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை. அதன்மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குல கனமுள்ள சிறு செங்கற்களை நிறுத்தி வைத்து, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்க வேண்டும். மேலே 3, 4 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லித் தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் தட்டுவார்கள். தடம் பதியாமல் கட்டை துள்ளித் திரும்பினால்தான் தளம் இறுகியது என்று அர்த்தம். பிறகு தட்டையான ஓடு பதித்து, சுண்ணாம்புப் பூச்சு. ஒரு வாரத்துக்கு மேலாக ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் மயிரிழை போல வெடிப்பு விழும், அடுத்த மழை அதன் வழியே இறங்கும்.

இறங்கும் தண்ணீர் முதலில் கெடுப்பது சுவருக்குள் புதைந்த கட்டை முனையை. வெளியே தேக்கு பளபளவென்று இருக்கும், உள்ளே மக்கிப்போயிருக்கும். சுவரோரமாக உளியால் குத்திப் பார்ப்பதே நல்ல சோதனை. மாற்றும்போது இருபுறமும் முட்டுக் கொடுத்து, அந்தக் கட்டையைச் சேர்ந்த செங்கலை மட்டும் பிரித்து, புதுக் கட்டையின் முனையைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விட்டுப் பதிக்க வேண்டும்.

சிமெண்ட் பூச்சு இங்கே பெருங்கேடு. கடற்கரை அருகிலேயே இருப்பதால் செங்கலில் உப்பு ஏறுகிறது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்து வைக்கும். உள்ளே உப்பு பூத்து, செங்கலின் முகத்தையே பெயர்த்துத் தள்ளிவிடும். ஒட்டுப்போட்ட சிமெண்டைக் கொத்தியெடுத்துவிட்டு, 1 பங்கு சுண்ணாம்புக்கு 2 முதல் 3 பங்கு மணல் சேர்த்து அரைத்த சாந்தைப் பூசுவதே முறை.

2012 ஜனவரித் தீயில் கலச மகாலின் கூரை சரிந்து, தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கட்டை கருகினால் அத்தனை கனமான தளமும் மொத்தமாக இறங்கிவிடும். மரக்கூரை அலுவலகங்களில் பழைய வயரிங்கை விட்டுவைக்கவே கூடாது. சீரமைத்த கலச மகாலில் இப்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே மழைநீர்க் குழாய்களின் வாயிலுள்ள சருகை வாரி, சுவரில் முளைத்த அரசங்கன்றுகளை வேரோடு எடுத்து, அந்தப் பொந்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிட வேண்டும். செடியை மட்டும் வெட்டினால் இரண்டே மாதத்தில் மறுபடி துளிர்க்கும்.