சுசீந்திரம்: முதலில் தெரு, அப்புறம் கோயில்

கன்னியாகுமரிக்குப் போகிற அவசரத்தில் சுசீந்திரத்தில் அரை மணி நேரம் இறங்குகிறவர்கள்தான் அதிகம். தாணுமாலயனைக் கும்பிடுவார்கள், ஆஞ்சநேயரை அண்ணாந்து பார்ப்பார்கள், வண்டி ஏறிவிடுவார்கள். நாகர்கோவில் அத்தைக்கு இது ஆகவே ஆகாது. "மக்ளே, மொதல்ல தேரோடுற தெருவச் சுத்து. பெறவு உள்ள போலாம்" என்றார். சரி என்று நடந்தோம்.

நான்கு ரதவீதிகளும் இன்றைக்குக் கலப்படம்தான். ஓட்டு வீடும் திண்ணையும் ஒரு பக்கம், டைல்ஸ் ஒட்டிய மாடி வீடு இன்னொரு பக்கம். தேர்கள் தகரக் கூரைக்குள் நிற்கின்றன. கிட்டப் போய்ச் சக்கரத்தில் கை வைத்துப் பார்த்தேன். என் நெஞ்சு உயரத்துக்கு மரம். அதைச் சுற்றி அடித்த இரும்புப் பட்டை, கல்லிலும் தாரிலும் உரசி உரசி ஓரம் மழுங்கியிருந்தது. மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் சுவாமி தேர், அம்மன் தேர், பிள்ளையார் தேர் மூன்றும் இந்தத் தெருக்களில்தான் ஓடும். அன்றைக்கு ஊர் முழுக்க வடம் பிடிக்கும்.

ஊர் முழுக்க என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் எல்லோரும் நடந்துவிட முடியாது. அப்போது இது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். கோயிலுக்குள் நுழைவது இருக்கட்டும், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் கால் வைக்கவே சில சாதியாருக்கு அனுமதி இல்லை. வைக்கம் போராட்டம் முடிந்த சூட்டோடு, 1926-ல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. கோட்டாறு டாக்டர் எம்.ஈ. நாயுடு முன்னால் நின்றார். அடங்கிப்போன அந்தப் போராட்டம் 1930-ல் மறுபடி எழுந்தது. கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை, தெருவில் நடக்கிற உரிமைதான். 1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பிறகு கோயில் கதவே திறந்தது. அத்தை இதையெல்லாம் சொல்லவில்லை. "எங்க ஆச்சி காலத்துல இங்க நிக்கவே பயப்படுவாவளாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். தெருவை முதலில் சுற்றச் சொன்னதற்கு வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

கிழக்குப் பக்கம் திரும்பியதும் கோபுரம். ஏழு நிலை, 134 அடி. 1545-ல் அடித்தளம் போட்டு நின்றுபோன வேலை, 1888-ல்தான் முடிந்தது. முந்நூறு வருஷத்துக்கும் மேல் இந்தத் தெருக்காரர்கள் முடியாத கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே கோலம் போட்டிருக்கிறார்கள்! வடக்கே தெப்பக்குளமும் நடுவில் மண்டபமும். வெள்ளைக் கோபுரத்தின் நிழல் தண்ணீரில் விழுகிற இடத்தில் நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டோம்.

உள்ளே போகும்போது ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாய் மாக்காளை என்கிற பெரிய நந்தி, தட்டினால் ஒலிக்கும் கல்தூண்கள், பதினெட்டு அடி ஆஞ்சநேயர், சிவன் விஷ்ணு பிரம்மா மூவரும் ஒரே மூர்த்தியாய் இருக்கும் சன்னதி. இவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அர்த்தஜாம வழக்கம். இரவில் இந்திரனே வந்து பூஜை செய்கிறான் என்பது ஐதீகம். அதனால் இரவு பூஜை செய்த அர்ச்சகர் மறுநாள் காலை நடை திறக்க மாட்டார், உள்ளே கண்டதை வெளியே சொல்லவும் மாட்டார்.

ஆனால் இந்த ஊர்ச் சாமிகளுக்கு உள்ளே இருப்பதைவிடத் தெருவில் இருப்பதுதான் இஷ்டம் போல. மார்கழித் திருவிழாவின் மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்பு. கோட்டாறு வலம்புரி விநாயகர், வேளிமலை குமாரசுவாமி, மருங்கூர் சுப்பிரமணிய சுவாமி என்று பிள்ளைகள் தாய் தகப்பன் வீட்டுத் திருவிழாவுக்கு ஊர்வலமாக வந்து சேருவார்கள். தேரோட்டம் முடிந்த அன்றிரவு சப்தாவர்ணம். பிள்ளைகள் விடைபெறும் நேரம். கல்யாண வீடு கலைகிற மாதிரி ஆகிவிடும், அத்தை வருஷா வருஷம் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "சாமிக்கும் பிள்ளைய அனுப்ப மனசு வராதுல்லா" என்பது அவர் கணக்கு.

இன்னொரு கதை இதற்கு நேர் எதிர். தாணுமாலயன் கன்னியாகுமரி அம்மனைக் கல்யாணம் பண்ண இந்த ஊரிலிருந்து நள்ளிரவில் கிளம்பினார். வழுக்கம்பாறை வரை போனபோது நாரதர் சேவலாய்க் கூவ, விடிந்துவிட்டது, முகூர்த்தம் தப்பியது என்று திரும்பிவிட்டார். குமரிக்குப் போகிற பஸ் இன்றைக்கும் வழுக்கம்பாறை வழியாகத்தான் போகிறது.

மார்கழிக் கூட்டம் தாங்காது என்பவர்கள் நவராத்திரிக்கு முன்பு வரலாம். முன்னுதித்த நங்கை அம்மன் சுசீந்திரத்திலிருந்து பல்லக்கில் பத்மநாபபுரத்துக்குக் கிளம்புவாள். அங்கே வேளிமலை குமாரசுவாமியும் தேவாரக்கட்டு சரஸ்வதியும் சேர்ந்துகொள்ள, மூவரும் திருவனந்தபுரம் போவார்கள். 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்தப் பயணம் நிற்கவில்லை. வழியனுப்பப் போலீஸ் மரியாதை அணிவகுப்பு உண்டு. சீக்கிரம் போனால் தெரு ஓரத்தில் இடம் கிடைக்கும்.