முதலில் தெரிந்த எண் 8: டிஎல்பிசி350 சில்லை வேகமான கறுப்பு வெள்ளை வடிவங்களுக்கு அமைத்த அனுபவம்

நேற்று மாலை, டிஎல்பிசி350 என்ற கட்டுப்பாட்டுச் சில் இயக்கும் புரொஜெக்டரால் 44 வடிவங்களை வரிசையாகத் திரையில் வீசி, 44 படங்களையும் ஒன்றுகூட விடுபடாமல் கேமராவில் பெற்றேன். அதே வரிசையைத் தொடர்ந்து நூறு முறை ஓடவிட்டும் எண்ணிக்கை பிசகவில்லை. இந்த நிலைக்கு வந்து சேர மூன்று வாரங்கள் பிடித்தன. அவற்றில் இரண்டு வாரங்களையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம் என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை என்பதால், நினைவு மங்கும் முன்பே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு அந்த இரண்டு வாரங்களாவது மிஞ்சட்டும்.

என் தேவை எளிமையானது. கோடுகளை ஒரு பொருளின்மீது வீசி, கேமராவில் பிடித்து, அதன் முப்பரிமாண வடிவைக் கணக்கிட வேண்டும். டிஎல்பிசி350 இயக்குவது, ஒளியைத் திருப்பும் நுண்ணிய ஆடிகள் நிறைந்த இன்னொரு சில்லை. அந்த நுண்ணாடிச் சில்லில் 912 நெடுவரிசைகளும் 1140 கிடைவரிசைகளும் உள்ளன. அடுத்தடுத்த எண்களுக்கு இடையே ஒரு பிட் மட்டுமே மாறும் கிரே குறியீட்டில் நெடுவரிசைகளை அடையாளம் காண 10 வடிவங்களும், கிடைவரிசைகளுக்கு 11 வடிவங்களும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கறுப்பு வெள்ளை மாறிய எதிர்வடிவம் ஒன்று சேர்ந்தால் 42. முழு வெள்ளை, முழுக் கறுப்பு இரண்டையும் சேர்த்தால் 44. எல்லாமே ஒரு பிட் வடிவங்கள், அதாவது ஒளி உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகள். ஒரு பிட் வடிவத்துக்கு டிஎல்பிசி350 கேட்கும் குறைந்தபட்ச எக்ஸ்போஷர் நேரம், அதாவது வடிவம் ஒளிரும் நேரம், 235 மைக்ரோ வினாடி. எட்டு பிட் சாம்பல் நிறப் படத்துக்கு இதுவே 8333 மைக்ரோ வினாடி ஆகிவிடும். வேகம் வேண்டுமென்றால் கறுப்பு வெள்ளையைத் தவிர வேறு வழி இல்லை.

முதல் வாரத்தை ஹெச்டிஎம்ஐ கேபிளில் இழந்தேன். கணினியிலிருந்து வரும் 24 பிட் படம் ஒவ்வொன்றிலும் 24 கறுப்பு வெள்ளை வடிவங்களை அடுக்கி அனுப்பலாம் என்பதும், வினாடிக்கு 120 படங்கள் என்றால் 2880 வடிவங்கள் கிடைக்கும் என்பதும் ஏட்டளவில் சரியே. ஆனால் இங்கே ஒவ்வொரு பிட்டும் ஒரு தனி வடிவம் என்பதை மறக்கக் கூடாது. நிறத்தின் அளவு 128 என்பது 127 ஆக மாறினால் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பிட் கணக்கிலோ எட்டு வடிவங்களிலும் அந்தப் புள்ளி தலைகீழாகிவிடும். என் கணினியின் வரைகலை அட்டை நிறத்திருத்தம் என்ற பெயரில் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. வடிவங்களில் பொடிப்பொடியாகத் தெறித்த புள்ளிகளைக் கண்டு கேபிளை மாற்றினேன், லென்ஸைத் துடைத்தேன், நுண்ணாடிச் சில்லே பழுதோ என்று அஞ்சினேன். இந்த வழியில் போகிறவர்கள் திரையின் அளவு சரியாக 912க்கு 1140 என்று இருப்பதையும், நிறத்திருத்தம் முழுவதும் அணைக்கப்பட்டிருப்பதையும் முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். வடிவப் படங்களை இழப்புள்ள முறையில் சுருக்கிச் சேமிப்பதும் இதே கேட்டைத்தான் விளைவிக்கும்.

ஹெச்டிஎம்ஐ வழியைக் கைவிட்டு, படங்களை டிஎல்பிசி350 சில்லின் உள்மென்பொருளான ஃபர்ம்வேருடன் சேர்த்து ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும் வழிக்கு மாறினேன். அந்தச் சில்லின் உள்நினைவகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு 24 பிட் படங்கள், அதாவது 48 பிட் தளங்கள் தங்கும்; ஒவ்வொரு தளமும் ஒரு கறுப்பு வெள்ளை வடிவம். வினாடிக்கு 4225 வடிவங்கள் என்று சொல்லப்படும் உச்ச வேகம் இப்படி முன்கூட்டியே ஏற்றப்பட்ட வடிவங்களுக்கு மட்டுமே உரியது. மூன்றாவது படம் ஒன்று தேவைப்பட்டால் அதை ஃபிளாஷிலிருந்து எடுத்துவர ஆகும் நேரத்துக்கு வரிசை காத்திருக்க வேண்டும். எனக்கு அது ஏறத்தாழ 200 மில்லி வினாடி ஆயிற்று. என் 44 வடிவங்கள் 48க்குள் அடங்கிவிட்டதில் மகிழ்ந்து, இரண்டு படங்களாக அடுக்கி எழுதினேன்.

வரிசை ஓடியது, கோடுகளும் தெரிந்தன. ஆனால் கணக்கிட்டு எடுத்த முப்பரிமாண வடிவம் சிதறிக் கிடந்தது. தட்டையான ஒரு பலகையை அளந்தால் படிக்கட்டு போன்ற துண்டுகள் வந்தன. குறியீட்டை அவிழ்க்கும் நிரலில்தான் பிழை என்று நம்பி, அதை இரண்டு முறை முதலிலிருந்து எழுதினேன். அந்த நிரலில் எந்தப் பிழையும் இருக்கவில்லை.

கடைசியில் உதவியது மிக எளிய ஒரு சோதனை. கோடுகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிட் தளத்திலும் அதன் எண்ணைப் பெரிதாக எழுதினேன்: முதல் படத்தில் 0 முதல் 23 வரை, இரண்டாவதில் 24 முதல் 47 வரை. ஒவ்வொன்றும் அரை வினாடி நிற்கும்படி வைத்து, அறையை இருட்டாக்கிச் சுவரைப் பார்த்தேன். முதலில் தெரிய வேண்டியது 0. தெரிந்தது 8. அதன் பின் 9, 10 என்று 15 வரை வந்து, பிறகுதான் 0 வந்தது. 7 முடிந்ததும் 16க்குத் தாவி 23 வரை சென்றது. எழுந்து நின்று மீண்டும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன், அதே வரிசை.

சிவப்பு, பச்சை, நீலம் என்ற வழக்கமான வரிசையில் நான் அடுக்கியிருந்தேன். டிஎல்பிசி350 சில்லுக்கு வடிவ எண் 0 முதல் 7 வரை பச்சையின் பிட்டுகள், 8 முதல் 15 வரை சிவப்பு, 16 முதல் 23 வரை நீலம். இது சில்லின் கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. பச்சைதான் முதலில் என்ற ஒரு வரியைப் பொருட்படுத்தாமல் கடந்ததற்கு எட்டு நாட்களைக் கொடுத்தேன். பிஎம்பி வகைப் படக் கோப்பினுள் நிறங்கள் நீலம், பச்சை, சிவப்பு என்று இருப்பதால், கோப்பை நேரடியாக பைட் பைட்டாக எழுதுகிறவர்கள் இன்னொரு வரிசையையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

அதே எண் சோதனை இன்னொரு பிழையையும் காட்டிக்கொடுத்தது. 23க்குப் பிறகு 24 வரவில்லை. முதல் படமே மறுபடியும் தொடங்கியது. இரண்டாவது படத்துக்கு மாறும் இடத்தில், எந்த வடிவம் எந்த வரிசையில் வர வேண்டும் என்று சில்லுக்குச் சொல்லும் அட்டவணையின் அந்த வரியில் நினைவகத்தை மாற்றச் சொல்லும் பிட்டை நான் வைக்கவில்லை. கோடுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த வரை இது கண்ணில் பட வாய்ப்பே இல்லை, ஏனென்றால் எல்லாக் கோடுகளும் கோடுகளாகத்தான் தெரியும்.

இதைத் திருத்த அட்டவணை வரியின் அமைப்பை மீண்டும் படித்தபோதுதான் இந்த முயற்சியிலேயே எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு நேர்ந்தது. ஒவ்வொரு வரியிலும் வடிவத்தைக் கறுப்பு வெள்ளை மாற்றிக் காட்டச் சொல்லும் பிட் ஒன்று இருக்கிறது. அப்படியென்றால் எதிர்வடிவங்களைச் சேமிக்கவே வேண்டாம். 21 வடிவங்கள், முழுக் கறுப்புத் தளம் ஒன்று, ஆக 22 தளங்கள் ஒரே 24 பிட் படத்தில் அடங்கிவிடும். அட்டவணையில் ஒவ்வொரு தளத்தையும் நேராக ஒருமுறை, மாற்றி ஒருமுறை அழைத்தால் 44 வரிகள்; அட்டவணை 128 வரிகள் வரை கொள்ளும். முழுக் கறுப்பை மாற்றினால் அதுவே முழு வெள்ளை. இரண்டாவது படமும் இல்லை, நினைவக மாற்றமும் இல்லை. ஃபிளாஷில் எழுதும் ஒவ்வொரு முறையும் பல நிமிடம் காத்திருக்க வேண்டியிருப்பதால், படங்களைக் குறைத்து அட்டவணையில் வேலையை முடிப்பது எவ்வளவு நிம்மதி என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். எழுதும்போது மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். முதலில் வந்த ஃபர்ம்வேர் கோப்பின் நகலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேமராவை இணைக்கும் கட்டம். என் கேமரா வினாடிக்கு 500 படங்கள் எடுக்கும். எனவே ஒரு வடிவம் தொடங்கி அடுத்தது தொடங்கும் வரையிலான முழுக் காலத்தை 2000 மைக்ரோ வினாடி என்றும், எக்ஸ்போஷரை 1900 என்றும் வைத்தேன். நான் எதிர்பார்த்த வரிசை ஓடவில்லை. என் நிரலோ சரிபார்ப்பில் பிழை ஏதும் இல்லை என்றே சொன்னது.

இங்கே இரண்டு தவறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. எக்ஸ்போஷர் நேரமும் முழுக் காலமும் சமமாக இருக்கலாம். சமமாக இல்லையென்றால் இடைவெளி குறைந்தது 230 மைக்ரோ வினாடியாவது இருக்க வேண்டும். என்னுடையது 100. இதைச் சில்லே கண்டுபிடித்துச் சொல்லும். ஆனால் சரிபார்க்கச் சொல்லும் கட்டளையை அனுப்பிய மறுகணமே என் நிரல் பதிலைப் படித்துவிட்டது. அந்தப் பதில் பைட்டின் மேல் பிட், சரிபார்ப்பு இன்னும் முடியவில்லை என்று தெரிவிப்பதற்காக இருப்பது. நான் கீழுள்ள பிழை பிட்டுகளை மட்டும் பார்த்து, அவை வெறுமையாக இருந்ததால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டேன். மேல் பிட் அணையும் வரை மீண்டும் மீண்டும் கேட்கும்படி நான்கு வரிகள் சேர்த்ததும், இடைவெளிப் பிழை நேராகத் தெரிந்தது. எக்ஸ்போஷரை 1700 ஆகக் குறைத்தேன், ஓடியது. அட்டவணையில் எதை மாற்றினாலும் முதலில் வரிசையை நிறுத்தி, எழுதி முடித்து, மறுபடியும் சரிபார்த்து, அந்தப் பதிலுக்குக் காத்திருந்த பின்னரே தொடங்குங்கள். முறையான பதிலைக் கேட்டு வாங்காமல் தொடங்கிய ஒவ்வொரு முறையும் எனக்கு அரை நாள் போயிற்று.

வடிவங்கள் சரியாக ஓடியும் கேமராவில் 44க்குப் பதில் சில முறை 41, சில முறை 43 படங்கள் வந்தன. கேமராவை விற்றவர்களின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். கேமரா மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள், புதுப்பித்தேன், மாற்றமில்லை. மறுபடியும் எழுதியபோது வேறொருவர் அதே அறிவுரையை அதே சொற்களில் அனுப்பினார். படமெடுக்கச் சொல்லும் மின்துடிப்பை கேமரா பெறும் டிரிகர் உள்ளீட்டுக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று நான் கேட்டிருந்த கேள்விக்கு இரண்டு பதில்களிலும் ஒரு சொல்கூட இல்லை. இதற்குள் நான்கு நாட்கள் ஓடிவிட்டன.

இறுதியில் மின்துடிப்புகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். வடிவம் தோன்றும் நேரத்தைக் காட்டும் டிரிகர் வெளியீடு 1.8 வோல்ட்டில் வந்துகொண்டிருந்தது. கேமராவின் உள்ளீட்டுக்கு அது விளிம்பு நிலை; சில துடிப்புகளை ஏற்றது, சிலவற்றை விட்டது. சில் பொருத்தப்பட்ட என் மின்சுற்றுப் பலகையில் இதை 3.3 வோல்ட்டுக்கு மாற்ற ஒரு ஜம்பர் இருக்கிறது. விரல் நகம் அளவுள்ள அந்தத் துண்டை ஒரு முள் தள்ளி மாட்டியதும் 44 வந்தது. டிரிகர் இணைப்பை மாட்டும் முன்பே வோல்ட்டை அளந்துவிடுங்கள்; ஐந்து நிமிட வேலை. தூண்டப்பட்டும் தாமதமாகத் திறக்கும் கேமரா என்றால், டிரிகரின் எழுமுனையை ஒளிக்கு 20.05 மைக்ரோ வினாடி வரை முன்னதாக நகர்த்தவும் இந்தச் சில்லில் வசதி உண்டு.

இன்னும் ஒன்று. நுண்ணாடிகள் சாய்சதுரமாக அமைந்திருப்பதால், ஒரே கிடைவரிசையில் அடுத்தடுத்த ஆடிகளுக்கு இடையே 10.8 மைக்ரோமீட்டரும், அடுத்தடுத்த கிடைவரிசைகளுக்கு இடையே 5.4 மைக்ரோமீட்டரும் உள்ளன. 912க்கு 1140 படத்தில் வரைந்த வட்டம் சுவரில் அகன்ற நீள்வட்டமாகத்தான் விழும். அளவீட்டுக் கணக்கில் இதைச் சேர்க்காமல் விட்டால் பொருள் பக்கவாட்டில் நசுங்கியோ நீண்டோ வரும்.

இப்போது 44 வடிவங்களும் 88 மில்லி வினாடியில் முடிகின்றன. சில்லின் உச்ச வேகத்தில் ஓடினால் இதையே 10.34 மில்லி வினாடியில் முடிக்கலாம். அதற்கு ஈடுகொடுக்கும் கேமரா என்னிடம் இல்லை. எண்கள் எழுதிய அந்தச் சோதனைப் படத்தை மட்டும் ஃபிளாஷில் கூடுதல் படமாக நிலையாகவே விட்டுவைத்திருக்கிறேன். நிரலில் எதை மாற்றினாலும் முதலில் அதை ஓடவிட்டு, சுவரில் 0 முதலில் வருகிறதா என்று பார்த்த பிறகே கோடுகளுக்குப் போகிறேன்.