கரண்ட் போய் வந்தாலும் பில் ஓட வேண்டும்

மதுரை கீழமாசி வீதியில் பருப்பு, மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்கு பைத்தானில் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். டெபியன் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர். கணக்கெல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். காலையில் கடைப் பையன் டெர்மினலைத் திறந்து ஒரு கட்டளை அடித்தால் ஓடும். கரண்ட் போய் வந்தால் மறுபடியும் அடிக்க வேண்டும். அந்த நேரம் பையன் டீ வாங்கப் போயிருந்தால் எனக்கு போன் வரும். "தம்பி, லோடு ஏத்தி வண்டி நிக்குது, பில் வரலையே. இது தானா எந்திரிக்காதா?" என்றார் ஒருநாள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான், லினக்ஸில் புரோகிராம்களைத் தானாக எழுப்பிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டியைப் படிக்க உட்கார்ந்தேன்.

தேடினால் கிடைத்த குறிப்புகளில் பாதி, இனிட்-டி ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லும் பழைய முறை. டெபியன் 2015-ல் வந்த 8-ஆம் பதிப்பிலேயே சிஸ்டம்டிக்கு மாறிவிட்டது. அதனால் அதற்கு முந்தைய தேதி போட்ட குறிப்புகளை அப்படியே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சர்வீஸ் என்பது பத்துப் பதினைந்து வரி உள்ள ஒரு சாதாரண ஃபைல்தான். எந்த புரோகிராம், யார் பெயரில், எதற்குப் பிறகு ஓட வேண்டும் என்று எழுதி, சிஸ்டம்டியின் ஃபோல்டரில் வைக்க வேண்டும். வைத்தேன், ஸ்டார்ட் கொடுத்தேன். உடனே 'ஃபெயில்டு' என்று சிவப்பில் வந்தது. கையால் ஓட்டினால் ஓடுகிற அதே புரோகிராம்!

இந்த இடத்தில் பலர் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். இரண்டும் தேவையில்லை. 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் 'மைனஸ் யூ' போட்டு சர்வீஸ் பெயரைக் கொடுத்தால், அது ஏன் விழுந்தது என்று வரிவரியாகக் காட்டும். சரக்கு விலைப்பட்டியல் ஃபைலைக் காணோம் என்று பைத்தான் அழுதிருந்தது. நான் டெர்மினலில் புரோகிராம் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் ஓட்டுவேன். சிஸ்டம்டியோ நாம் வேறு சொல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரூட் ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டும். அங்கே விலைப்பட்டியல் ஏது? 'ஒர்க்கிங் டைரக்டரி' என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. டெர்மினலுக்காக நாம் எழுதி வைத்த பேஷ் அமைப்புகளையும் அது படிக்காது. யூசர் வரி இல்லாவிட்டால் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராகவே ஓட்டும். பில் போடுவதற்கு அவ்வளவு அதிகாரம் எதற்கு என்று தனி யூசர் உண்டாக்கிக் கொடுத்தேன். ஃபைலில் கை வைத்த ஒவ்வொரு தடவையும், சிஸ்டம்டி அதை மறுபடி படிக்க 'டீமன் ரீலோட்' அடிக்க வேண்டும்.

அடுத்து டேட்டாபேஸ். 'ஆஃப்டர்' என்று போட்டால் போஸ்ட்கிரெஸ் வந்த பிறகுதான் பில் எழும். ஆனால் அது வரிசை மட்டும்தான். பந்தியில் 'நீங்க உக்காருங்க, நான் அப்புறம் உக்கார்றேன்' என்கிற மாதிரி. அவர் சாப்பிடவே வராவிட்டாலும் இவர் இலை போட்டு உட்கார்ந்துவிடுவார். அவரைக் கையோடு கூட்டி வர 'ரிக்வயர்ஸ்' வரியும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே போட்டேன்.

விழுந்தால் தானாக எழ 'ரீஸ்டார்ட்' வரியில் 'ஆன் ஃபெயிலியர்' கொடுத்தேன். அதோடு நிறுத்தினால் போதாது. வழக்கமான அமைப்பில் 10 விநாடிக்குள் 5 முறை எழுப்பிப் பார்த்துவிட்டு சிஸ்டம்டி கைவிட்டுவிடும். முயற்சிகளுக்கு நடுவே காத்திருப்பதோ 100 மில்லி விநாடிதான், கண் சிமிட்டுவதற்குள் ஐந்தும் தீர்ந்துவிடும். இடைவெளியை 5 விநாடி ஆக்கினால் அந்த வரம்பு குறுக்கே வராது.

ஸ்டார்ட் வேறு, எனேபிள் வேறு. ஸ்டார்ட் இப்போதைக்கு ஓட்டும், எனேபிள் அடுத்த முறை கம்ப்யூட்டர் எழும்போது ஓட்டச் சொல்லி வைக்கும். அண்ணாச்சி கேட்டது இரண்டாவதை. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரே ஆன் ஆவதற்கு, லினக்ஸுக்கு முன்பே ஓடும் பயாஸில் தனி அமைப்பு இருக்கிறது, அதையும் மாற்றினேன். அது இல்லாமல் சிஸ்டம்டி என்ன செய்யும்?

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் சுற்றும் நாளன்று கடை லீவு. சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு, பிளக்கை உருவிவிட்டு மறுபடி சொருகினேன். யாரும் கீபோர்டைத் தொடவில்லை. பில் திரை வந்தது. அண்ணாச்சி "இன்னொருக்கா உருவுப்பா" என்றார். உருவினேன், மறுபடியும் வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வேகத்தில் பேக்கப்பையும், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் சிஸ்டம்டி டைமராக மாற்றிவிட்டேன். இரவு 9 மணிக்கு ஓட வேண்டும், ஆனால் சில நாள் அதற்கு முன்பே கடையைப் பூட்டிவிடுவார்கள். டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' என்பதை ட்ரூ ஆக்கினால், தவறவிட்ட பேக்கப்பை மறுநாள் காலை கம்ப்யூட்டர் எழுந்ததும் எடுத்துவிடுகிறது. நேரம் குறித்து வேலை ஓட்டும் பழைய கருவியான கிரான் தனியாக இதைச் செய்யாது.