கிரெனடாவில் ஹரிகேன் காலம்: புதிதாகக் குடியேறுபவர்களுக்கு

கடலூரிலும் நாகையிலும் புயல் பார்த்து வளர்ந்தவர்கள் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கவோ, வேலைக்காகக் குடும்பத்தோடோ கரீபியன் தீவு நாடான கிரெனடாவுக்கு வரும்போது, "புயல்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். நம் புயலும் இந்த ஹரிகேனும் ஒரே இனம். வட கோளத்தில் இரண்டும் இடஞ்சுழியாகத்தான் சுற்றும். ஆனால் ஊர் அனுபவத்தில் பாதிதான் இங்கே கைகொடுக்கும். மீதிப் பாதி ஆளை ஏமாற்றிவிடும்.

முதலில் கடல். பாக் நீரிணையும் வங்கக் கரையும் ஆழம் குறைந்தவை. அதனால்தான் 1964இல் தனுஷ்கோடியில் கடல் மொத்தமாக ஏறி வந்தது. கிரெனடா எரிமலைத் தீவு; பல இடங்களில் கரையை விட்டுச் சற்றுத் தள்ளியதுமே ஆழம். இங்கே நீர்மட்டம் ஏறுவதைவிட அலையின் அடிதான் பெரிய சேதம் செய்கிறது. தாழ்ந்த இடங்களுக்கு இரண்டுமே உண்டு: தலைநகரின் கெரனாஜ் துறைமுக ஓரம், கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையை ஒட்டிய கட்டடங்கள். வழக்கமாகக் காற்று கிழக்கிலிருந்து வருவதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நம்பித்தான் வாடகை வீடு பார்ப்பார்கள். 1999 நவம்பரில் லென்னி என்ற ஹரிகேன் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தது. அதன் மையம் கிரெனடாவுக்கு வெகுதூரம் வடக்கே இருந்தும், அலை மேற்குக் கரைச் சாலைகளை அரித்துத் தின்றது. மையம் வடக்கே போகிறதென்றால் தெற்கே இருப்பவருக்குக் காற்று மேற்கிலிருந்து திரும்பும் என்பதை வரைபடத்தைப் பார்க்கும்போதே கணக்கில் வையுங்கள்.

அடுத்தது எண்கள். இந்திய வானிலைத் துறை காற்றின் வேகத்தை மூன்று நிமிடச் சராசரியாகச் சொல்கிறது. மயாமியில் உள்ள அமெரிக்க தேசிய ஹரிகேன் மையம் ஒரு நிமிடச் சராசரியாகச் சொல்கிறது. ஒரே காற்று இங்கே சற்றுக் கூடுதல் எண்ணாகத் தெரியும். காற்றின் வேகத்தை வைத்து ஹரிகேன்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள்: மணிக்கு 119 கிலோமீட்டரில் முதல் வகை தொடங்குகிறது. 178இல் மூன்றாம் வகை. அதிலிருந்து மேலே எல்லாமே 'பெரிய ஹரிகேன்'. 252ஐத் தொட்டால் ஐந்தாம் வகை. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும்: வேகம் ஒன்றரை மடங்கானால் சுவரில் விழும் அழுத்தம் இரண்டேகால் மடங்கு. மலை முகட்டிலும் காற்றைப் பார்த்த சரிவிலும் வேகம் இன்னும் 30 சதவீதம் வரை கூடலாம். கடல் தெரியும் குன்றுமேல் வீடு என்று மகிழ்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். வகை எண் காற்றை மட்டுமே சொல்கிறது, மழையைச் சொல்வதில்லை. மெதுவாக நகரும் முதல் வகைப் புயல், வேகமாகக் கடக்கும் நான்காம் வகையைவிட அதிகம் கொட்டி, மண்சரிவில் ஆளைக் கொல்லக்கூடும்.

ஹரிகேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. "கிரெனடா ரொம்பத் தெற்கே, இங்கே வராது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1955இல் ஜேனட், 2004 செப்டம்பர் 7இல் ஐவன், 2024 ஜூலை 1இல் பெரில். ஐவன் தீவின் வீடுகளில் பத்துக்கு ஒன்பதைச் சேதப்படுத்தி, ஜாதிக்காய்த் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. பெரில் ஜூன் 28இல் தாழ்வு மண்டலமாகப் பிறந்து, 30ஆம் தேதிக்குள் நான்காம் வகையாகி, மறுநாளே மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தோடு கிரெனடாவைச் சேர்ந்த காரியக்கூ தீவில் கரையேறியது. பிறந்ததிலிருந்து மூன்று நாள்கூட இல்லை. 2017இல் டொமினிக்காவை அழித்த மரியா, ஒரே நாளுக்குள் முதல் வகையிலிருந்து ஐந்துக்குத் தாவியது. வெதுவெதுப்பான கடல்மேல் இது இப்போது அடிக்கடி நடக்கிறது. அதனால் 'முதல் வகைதானாம்' என்ற செய்தி காலையில் வந்தால், மாலை வரை காத்திருக்காமல் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

ஹரிகேன் மைய அறிக்கை காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும். எச்சரிக்கை நடப்பில் இருந்தால் இடையிலும் வரும். வரைபடத்தில் விசிறிபோல் விரியும் பகுதி, புயலின் மையம் செல்லக்கூடிய பாதையை மட்டும் காட்டுகிறது. புயலின் அகலம் அதுவல்ல. விசிறிக்கு வெளியே இருப்பதால் தப்பித்தோம் என்று யாரும் படுத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு நேரம் மையமே அதைத் தாண்டிப் போகும். 'வாட்ச்' (ஹரிகேன் வரக்கூடும்) என்றால் 48 மணி நேரம், 'வார்னிங்' (ஹரிகேன் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள்) என்றால் 36 மணி நேரம் முன்னதாகச் சொல்வார்கள். இந்த மணிக்கணக்கு புயலின் கண் வரும் நேரத்துக்கு அல்ல, மணிக்கு 63 கிலோமீட்டர் காற்று தொடங்கும் நேரத்துக்கு. அந்தக் காற்றில் ஏணியில் ஏறிப் பலகை அடிக்க முடியாது. உள்ளூர் உத்தரவுகளுக்கு நாட்மா எனப்படும் தேசியப் பேரிடர் மேலாண்மை அமைப்பைப் பின்பற்றுங்கள். புகலிடங்களின் பட்டியலும் அவர்களிடம்தான்.

இனி வீடு. இங்கே உயிரும் உடைமையும் கூரையில்தான். ஊரில் காங்கிரீட் தளத்துக்குக் கீழே படுத்தவர்களுக்கு இது உறைக்க நேரமாகும். இங்கே பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் கால்வனைஸ் தகடு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அண்ணாந்து பாருங்கள். நான்கு பக்கமும் சரியும் கூரை நல்லது. இரண்டு பக்கம் மட்டும் சரிந்து முக்கோணச் சுவர் நிற்கும் கூரை பலவீனம். கைமரம் சுவர்மேல் உட்காரும் இடத்தில் ஹரிகேன் ஸ்ட்ராப் எனும் இரும்புப் பட்டை இருக்க வேண்டும். தகட்டை ஆணியால் அல்ல, ஸ்க்ரூவால் பிடித்திருக்க வேண்டும். ஆணி ஆடி ஆடிக் கழன்றுவிடும். தகடு 24 கேஜ் என்றால் நிம்மதி; எண் ஏற ஏற மெலிசு. கூரை விளிம்பு சுவருக்கு வெளியே ஒன்றரை அடிக்கு மேல் நீண்டிருந்தால் காற்று அதைப் பிடித்துத் தூக்கும். வராந்தாக் கூரை தனியாக இருந்தால் அது போனாலும் வீட்டுக் கூரை நிற்கும். ஜன்னல் ஷட்டர் உண்டா, மூடுவது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஷட்டர் இல்லையென்றால் 5/8 அங்குல பிளைவுட். ஜன்னலைவிட ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக அறுத்து, துளையிட்டு, எந்த ஜன்னலுக்கு எது என்று எண் எழுதி ஜூன் மாதமே அடுக்கிவிட வேண்டும். வாட்ச் வந்த அன்று ஹார்ட்வேர் கடையில் பலகை மிஞ்சாது. கண்ணாடியில் குறுக்கே டேப் ஒட்டுவது வெட்டி வேலை. உடைவதை அது தடுக்காது, உடைந்தால் துண்டு பெரிதாக விழும். ஒரு ஜன்னல் போனால் காற்று உள்ளே புகுந்து, கீழிருந்து கூரையைத் தள்ளும். மேலே ஓடும் காற்று இழுக்கும். தகடு பறப்பது பெரும்பாலும் அப்படித்தான். 'அழுத்தம் சமமாக' ஒரு பக்கம் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லும் அறிவுரையைக் காதில் வாங்காதீர்கள்.

தண்ணீர்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். நாலு பேருக்கு ஒரு வாரம் என்றால் 112 லிட்டர். கழிப்பறைக்கு வாளிகள் தனி. பிளாஸ்டிக் தொட்டியை விளிம்புவரை நிரப்புங்கள்: ஆயிரம் லிட்டர் ஒரு டன் எடை; வெற்றுத் தொட்டி பறக்கும். கூரைநீரைச் சேமிக்கும் தொட்டி இருந்தால், புயலுக்கு முன் கீழிறங்கும் குழாயைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்புநீரும் இலையும் குடிநீரில் இறங்கும். ஒரு வாரம் என்பது குறைந்தபட்சம்தான். நம் ஊரில் பக்கத்து மாவட்டத்திலிருந்து மின்வாரியக் குழுக்கள் லாரியில் வரும். இங்கே பக்கத்து மாவட்டம் என்பது கடல். கம்பமும் கம்பியும் ஆளும் கப்பலில் வர வேண்டும்.

சாப்பாட்டில் அடுப்பு வேண்டாதவற்றை முதலில் வையுங்கள்: அவல், சத்துமாவு, பொரிகடலை, பேரீச்சை, ஊறுகாய். இண்டக்ஷன் அடுப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் சின்ன காஸ் அடுப்பு ஒன்று வாங்கிவிடலாம். சிலிண்டரை வால்வு மூடி நிமிர்த்தி வீட்டுக்கு வெளியே கட்டிவையுங்கள். திறக்காத ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம். மாவை முதல் நாளே தோசையாக்கித் தீர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

அடிக்கும்போது ஜன்னலில்லாத உள்ளறை அல்லது குளியலறை. கண் மேலே வந்தால் காற்று சட்டென்று ஓயும், வானம்கூடத் தெரியும். வெளியே போகாதீர்கள். எதிர்த்திசையிலிருந்து அதே வேகம் சில நிமிடங்களில் திரும்பும்.

ஊருக்குத் தகவல் சொல்வதும் ஒரு வேலைதான். கிரெனடா இந்தியாவுக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே தொலைக்காட்சியில் பார்த்து அழைப்புகள் குவிந்தால் உங்கள் போன் பேட்டரிதான் காலி. வீட்டில் ஒருவரை மட்டும் பொறுப்பாக்கி, "இரண்டு மூன்று நாள் தொடர்பு இருக்காது, பயப்படாதீர்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட், விசா, பல்கலைக்கழகக் கடிதம், மருந்துச் சீட்டு எல்லாம் நீர் புகாத பையில். இந்தியத் தூதரகம் ட்ரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உள்ளது. எண்ணைத் தாளில் எழுதிவையுங்கள். மின்சாரம் இல்லாமல் கார்டு இயந்திரமும் ஏடிஎம்மும் ஓடாது. கிழக்குக் கரீபிய டாலர் சில்லறை நோட்டுகளாக ஒரு வாரச் செலவுக்காவது கையில் இருக்கட்டும்.

புயல் போன பிறகுதான் பலர் சாகிறார்கள். ஜெனரேட்டரைப் பால்கனியிலோ வராந்தாவிலோ ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. வீட்டிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி வையுங்கள். வீட்டு பிளக்கில் அதைச் சொருகினால் மின்சாரம் வெளிக்கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரைக் கொல்லும். வெள்ள நீரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். எலிக்காய்ச்சல் அதற்குப் பின் வருவது வழக்கம். தண்ணீரை ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்க வையுங்கள். காஸ் இல்லையென்றால் வாசனை சேர்க்காத 6 சதவீத ப்ளீச் லிட்டருக்கு இரண்டு சொட்டு, கலங்கல் என்றால் நாலு. அரை மணி நேரம் விட்டுக் குடிக்கலாம். சிதறிய தகட்டை அள்ளுமுன் கூரையையும் ஒவ்வொரு அறையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைத் திரும்பக் கேட்கும்போதும் காப்பீட்டுக்கும் அந்தப் படங்கள் தேவைப்படும்.